ஆபிரிக்காவுக்குப் போன சப்பாத்து வழக்கம்

போன மாதம் எங்கள் பழைய சுற்றுலா ஏஜென்சியில் வேலை செய்யும் ஷாலினி வீட்டுக்கு வந்தாள். இத்தாலியில், பலேர்மோவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. ஆபிரிக்காவில் காட்டு நடைப்பயணம் போகிறவர்களுக்கு இனி நேரடிப் பயிற்சி கிடையாதாம். பத்து நிமிட வீடியோ ஒன்றைப் போனுக்கு அனுப்பிவிடுவார்களாம். அதற்கு விசயம் கேட்க வந்திருந்தாள். நான் ஏழு வருசம் மலையேறி இறங்கிச் செய்த வேலை பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிட்டதே என்று எனக்குக் கோபமில்லை. என் முழங்காலைக் கேட்டால், இதை அப்போதே செய்திருக்கலாம் என்றுதான் சொல்லும்.

"அன்ரி, ஒண்டுதான் எனக்கு விளங்கேல்லை," என்றாள். "அலோரா, அதாவது, கிராமத்துக்குள்ளை போன உடனை தொப்பியைக் கழட்டி வீட்டுக்காரரிட்டைக் குடுக்க வேணும். சாப்பிட்டு முடிய, அவை அதுக்குள்ளை கச்சான் கடலை போட்டுத் திருப்பித் தருவினம். எங்கடை புரோஷரிலை கிடக்கு. ஆனா எந்த இனத்தின்ரை வழக்கமெண்டு இன்டர்நெட்டிலை எங்கையும் இல்லை."

"முதல்லை சாப்பிடு," என்று சொல்லி மீன்குழம்பை எடுத்து வைத்தேன். இதைச் சாப்பாட்டுக்கு நடுவில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். இதில் வருகிறவர்கள் சிலர் இத்தாலிப் பாசையில் கதைத்தார்கள், ஒருவர் ஆங்கிலத்தில் கதைத்தார். ஆனால் என் பேனாவுக்குள் வந்தபிறகு எல்லாரும் மன்னார்த் தமிழ்தான் கதைப்பார்கள். வேறு வழியில்லை.

2002இல் நான் பலேர்மோவின் ரோமா வீதியில் இருந்த அந்த ஏஜென்சியில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போனேன். என் மனுசன் சூசை ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். எங்கள் ஒரே மகள் நிரோஷா மன்னாரில் என் தங்கச்சியோடு இருந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வருசத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். இரண்டு வருசம் எவ்வளவு நீளும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஏஜென்சி முதலாளி சிஞ்ஞோரா, அதாவது திருமதி, ஒர்னெல்லா. அவர் இருந்து நான் பார்த்ததில்லை. நின்றபடியே போன் கதைப்பார், நின்றபடியே சாப்பிடுவார், நின்றபடியே ஆட்களை ஆபிரிக்காவுக்கு அனுப்பி வைப்பார். நல்லது என்று ஒருநாளும் வாயால் சொல்லமாட்டார். மனது நிறைந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார், அவ்வளவுதான். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் நான் அவருக்கு "நீ". கோப நாளில் நான் "சிஞ்ஞோரா ஜெசிந்தா, நீங்கள்". ஒருமுறை மேசையில் இருந்த விமான டிக்கெட்டைக் குப்பையோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். அன்றைக்கு அவர் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த நாள் நான் ஒரு மணித்தியாலம் முந்தியே வேலைக்குப் போனேன்.

கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஆபிரிக்கா வேலை கிடைத்தது ஒரு சண்டையால்.

பலேர்மோத் தமிழர் ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெக்ரினோ மலைக்கு, சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் கோயிலுக்கு, நடந்துபோவோம். கிறிஸ்தவ வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதமில்லை. நேர்த்தி வைத்தவர்கள் வெறுங்காலோடு ஏறுவார்கள். நிரோஷாவைக் கூப்பிட வேண்டும் என்பதற்காக நானும் வெறுங்காலோடுதான் ஏறுவேன். அந்த ஞாயிறு எங்களுக்குள் பெரிய மனத்தாங்கல். நத்தார் கரோலில் எந்த வீட்டுப் பிள்ளை முதல் குரல் எடுப்பது என்பதுதான் பிரச்சினை. ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கக்கூடாது என்று முப்பது பேரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக நடந்தோம். செபமாலை சொல்லக்கூட யாரும் வாய் திறக்கவில்லை. முதலில் வாய் திறந்தவர் தோற்றவராகிவிடுவார். இரண்டு பக்கத்தோடும் கோபமில்லாதவள் நான் ஒருத்திதான், அதனால் என்னை முன்னுக்கு விட்டிருந்தார்கள்.

கார்ப் பாதை அந்தப் பழைய கற்பாதையைக் குறுக்கே வெட்டும் இடத்தில் சிஞ்ஞோரா ஒர்னெல்லாவின் கார் எங்களுக்காக நின்றது. திங்கட்கிழமை நான் வாளியோடு போனபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நேற்று உன்ரை ஆக்களைப் பாத்தன். ஒரு சத்தமில்லை. கை காட்டினாய், எல்லாரும் நிண்டிச்சினம். எப்பிடிச் செய்யிறாய்?"

"பக்தி, சிஞ்ஞோரா," என்றேன்.

அவருக்கு அப்போது இருந்த தலையிடி இதுதான். சாம்பியா நாட்டில் ஒரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் மிஸ்டர் பண்டா என்று ஒரு வழிகாட்டி. வாகனத்தில் ஏற்றாமல், காட்டுக்குள் நடத்தியே மிருகங்களைக் காட்டுகிறவர். பின்னேரம் தன் ஊருக்குக் கூட்டிப்போய்த் தாயின் முற்றத்தில் சாப்பாடும் கொடுப்பார். சிஞ்ஞோரா அனுப்பிய முதல் பலேர்மோக் குழு வழி முழுக்கக் கதைத்துக்கொண்டே போனதில், நாலைந்து நாளாக மிருகங்களின் பின்பக்கத்தை மட்டும்தான் கண்டது. இன்னொரு குழு இப்படி வந்தால் ஏற்கமாட்டேன் என்று பண்டா பக்ஸ் மெசினில் கடிதம் அனுப்பியிருந்தார். ஆகவே போகுமுன் ஆட்களைப் பழக்க ஒருவர் தேவைப்பட்டார்.

எனக்கு நடந்த பயிற்சி என்று சொன்னால், பண்டா அனுப்பிய ஆறு பக்கத்தை அகராதியோடு ஒரு கிழமை வாசித்தேன். கொன்வென்டில் படித்த ஆங்கிலம் கைகொடுத்தது. நான் இன்றுவரை ஆபிரிக்காவைக் கண்ணால் கண்டதில்லை. சிங்கத்தை ஒருமுறை கண்டேன், அதுவும் தெகிவளை மிருகக்காட்சிச் சாலையில், அது நித்திரை.

ஒத்திகை நடை இப்படி நடக்கும். விடிகாலையில் மலையடிவாரத்தில் எல்லாரையும் வரிசையாக நிறுத்துவேன். முதல் சோதனை மூக்கு. ஒவ்வொருவர் கழுத்தருகிலும் போய் மணந்து பார்ப்பேன். காட்டுக்கு வாசனைத் தண்ணி ஆகாது. சிசிலி ஆம்பிளைகள் அது இல்லாமல் குப்பை கொட்டக்கூட வெளியே வரமாட்டார்கள். பத்திரம் எழுதுகிற பெரிய நொத்தாரிசு ஒருவரைத் தெருக் குழாயடிக்கு மூன்றுதரம் அனுப்பிக் கழுத்துக் கழுவ வைத்திருக்கிறேன். மூன்றாம்தரம் அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தானாகவே கழுத்தை நீட்டினார். அடுத்தது உடுப்பு. வெள்ளை தூரத்துக்குத் தெரியும், நீலத்துக்கும் கறுப்புக்கும் அங்குள்ள ஈ வந்து கடிக்கும். மண் நிறம்தான் நல்லது. பிறகு பொக்கற். திறப்புக் கோர்வை, சில்லறை, குலுங்குகிற எதுவும் கூடாது.

வரிசைக்கும் முறை உண்டு. மெதுவாக நடக்கிறவர் எனக்கு நேர் பின்னால், அவர் வேகம்தான் எல்லாருக்கும். கணவனையும் மனைவியையும் பக்கத்தில் விடக்கூடாது. பெரிய கதைகாரர் இருந்தால், அவருக்கு முன்னால் காது மந்தமான ஒருவரை விடுவேன்.

ஆனால் வாயை மூடினால் மட்டும் போதாது என்று இரண்டாம் நடையிலேயே கண்டுகொண்டேன். இந்த ஊர் ஆட்கள் கையால் கதைப்பவர்கள். வாயைப் பூட்டிக்கொண்டு, எனக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் கையாலேயே தேர்தல் கதைத்தார்கள். அங்கே எருமை சத்தத்தை மட்டுமல்ல, கை அசைவதையும் கவனிக்கும். ஆகவே இரண்டு கையாலும் முதுகுப் பையின் வாரை நெஞ்சோடு பிடியுங்கள் என்று சட்டம் போட்டேன். கை கட்டுப்பட்டதும் வாயும் தானாக மூடிக்கொண்டது. இந்த உபாயத்தைப் பண்டாவுக்கு எழுதினேன். தன் அனுபவத்தில் இப்படி ஒன்றைக் கேள்விப்படவில்லை என்று பதில் போட்டார்.

கடைசிப் பாடம், எது வந்தாலும் ஓடக்கூடாது. இதை வாயால் சொல்லிப் பிரயோசனமில்லை, எதாவது வரவேண்டும். என் மனுசன்தான் காட்டெருமை. காலையில் அவருக்கு வேலையில்லை, சப்பாத்திக் கள்ளிப் பற்றைக்குப் பின்னால் போய்ப் பதுங்கிக்கொள்வார். நான் கையை உயர்த்தி வரிசையை நிறுத்தியதும் பற்றையைப் போட்டு உலுப்பி மூச்சு விடுவார். சூசை வீட்டில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் மூன்று நாள் யோசிக்கிற மனுசன். எருமை வேலையில் மட்டும் அப்படி ஒரு ஈடுபாடு. "எருமை மூக்காலை விடுமோ, வாயாலை விடுமோ?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்பார். ஒருமுறை ஒரு பள்ளிக்கூட ரீச்சர் ஓடவில்லை, தன் கைப்பையைத் தூக்கி எருமையின் நெற்றியில் எறிந்தார். எருமை "ஐயோ அம்மா" என்று தமிழில் கத்திக்கொண்டு வெளியே வந்தது. அன்றிரவு முள்ளெடுத்தபடி, இந்த வேலையை விடுங்கோவன் என்றேன். விடமாட்டேன் என்றுவிட்டார்.

நடை முடிந்தால் இரண்டாம் பாகம், கிராமச் சாப்பாடு. பாயில் இருக்க, கையால் சாப்பிட, கேட்காமல் படம் எடுக்காதிருக்க, பெரியவருக்கு முதலில் வணக்கம் சொல்லப் பழக்க வேண்டும். இதற்கு சிஞ்ஞோரா தெரிவு செய்த ஆபிரிக்கக் கிராமம், ஒரேத்தோத் தெருவில் மூன்றாம் மாடியில் இருந்த எங்கள் வீடு. கிராமத் தலைவர் அந்தோனி அண்ணை. பல்லரோச் சந்தையில் மீன் வெட்டுகிறவர். கூவி விற்றுப் பழகிய குரல். கோயில் சுற்றுப்பிரகாரத்தில் சிலுவை தூக்குகிற நடை. வேட்டி கட்டி, சரிகைச் சால்வை போட்டு வாசலில் நின்றாரென்றால், நானே ஒருகணம் வணங்கிவிட்டுத்தான் உள்ளே போவேன்.

சப்பாத்து விவகாரம் தொடங்கியது 2003இல். பன்னிரண்டு பேர் மலையிலிருந்து வந்தால் இருபத்துநாலு சப்பாத்து, அதுவும் சேற்றோடு. அத்தனையும் படிக்கட்டுத் திருப்பத்தில் கிடக்கும். எங்களுக்கு மேல்மாடியில் இருந்த சிஞ்ஞோரா கொன்செத்தா அதைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒருநாள் கடைச் சாமானோடு வந்தவர் வழியில்லாமல் நின்று, அத்தனையையும் கீழே உதைத்து விடுவேன் என்று சத்தம் போட்டார். நான் கெஞ்சினேன். கடைசியில், பாதி என்றால் பொறுத்துக்கொள்கிறேன் என்றார்.

பாதி என்றால் எப்படி? அடுத்த குழு படியில் ஏறி வந்துகொண்டிருக்கிறது. யோசிக்க நேரமில்லை. அந்தோனி அண்ணை சால்வையைச் சரிசெய்துகொண்டு முன்னுக்கு வந்தார். எனக்குத் தமிழில் சொல்ல, நான் இத்தாலியில் மாற்ற வேண்டும்.

"விருந்தாளி ஒவ்வொருத்தரும் தன்ரை இடக்கால் சப்பாத்தைக் கழட்டித் தலைவரிட்டை ஒப்படைக்க வேணும். சாப்பிட்டு முடிஞ்சு, வீட்டுக்காரர் திருப்பிக் குடுத்தாத்தான் போகலாம். எங்களை விட்டிட்டு இடையிலை ஓடமாட்டினம் எண்டதுக்கு அது அடையாளம். சொல்லு, பிள்ளை."

"அண்ணை, இதென்ன கதை?"

"பாதி குறையுதெல்லோ. சொல்லு."

சொன்னேன். பன்னிரண்டு பேரும் பயபக்தியோடு இடக்கால் சப்பாத்தைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினார்கள். அந்தோனி அண்ணை ஒவ்வொன்றையும் நெற்றிக்கு நேரே தூக்கி வாங்கி, எங்கள் குளியலறைத் தொட்டிக்குள் கொண்டுபோய்ப் போட்டார். ஒரு சிஞ்ஞோராவுக்குக் கண் கலங்கிவிட்டது. மற்றப் பாதி படியில் ஒழுங்காகக் கிடந்தது, கொன்செத்தாவுக்கும் வழி கிடைத்தது. எல்லாருக்கும் சந்தோசம்.

ஆபிரிக்காவில் போய்ச் செய்வார்கள் என்று யார் நினைத்தது?

அந்தக் குழு பண்டாவின் தாயின் முற்றத்தில் வரிசையாக நின்று, ஆளுக்கொரு சப்பாத்தை அந்த மனுசியிடம் நீட்டியிருக்கிறது. அதற்குள் ஏஜென்சியில் வரும் ஆங்கிலம் எல்லாவற்றையும் நான்தான் வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பண்டா எழுதியிருந்தார்: "உங்கள் ஊர் வழக்கம் மிகவும் அழகானது. என் தாய் முதலில் திகைத்துப் போனாலும் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்கும்போது நாங்கள் எதாவது வைத்துக் கொடுக்க வேண்டுமா? தவறு செய்ய விரும்பவில்லை."

"என்னவாம்?" என்று கேட்டார் சிஞ்ஞோரா.

"எங்கடை ஆக்கள் அவையின்ரை வழக்கத்தை நல்ல வடிவாச் செய்யினமாம்," என்றேன்.

சிஞ்ஞோரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பண்டாவுக்கு, வீட்டில் விளைந்தது எதுவானாலும் ஒரு பிடி போதும் என்று பதில் எழுதினேன். அடுத்த குழுவின் சப்பாத்துகள் ஒரு பிடி கச்சானோடு திரும்பி வந்தன. பலேர்மோவுக்குத் திரும்பி வந்தவர்கள் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். சிஞ்ஞோரா புரோஷரில் அரைப்பக்கம் போட்டார்: பள்ளத்தாக்கின் தொன்மையான சப்பாத்துச் சடங்கு. பிறகு என்னைக் கூப்பிட்டு, எங்கள் ஒத்திகையில் கச்சான் இல்லாதது பெரிய குறை, ஆராய்ந்து பார்த்துச் செய்யவேண்டாமா என்று கேட்டார். நான் பல்லரோவில் போய்க் கச்சான் வாங்கினேன். அந்தோனி அண்ணை சொன்னார், "பாத்தியே, எங்கடை வழக்கம் எவ்வளவு வளந்திட்டுது."

சிரிப்பாகத்தான் இருந்தது. 2006இல் ஊரில் மறுபடி சண்டை தொடங்கும்வரை.

மன்னாருக்குப் போன் எடுத்தால் சில நாள் லைன் கிடைக்காது. கிடைத்தால், தங்கச்சி கதைக்கும்போதே பின்னால் ஷெல் சத்தம் கேட்கும். பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று, வயதுக்கு வந்த பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கப் பயந்த காலம். நிரோஷாவுக்குப் பதினாறு. பதினெட்டு முடியுமுன் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் எங்கள் பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியைக் காட்டிக் கூப்பிட்டால்தான் பிள்ளை என்ற கணக்கில் வரலாம். முடிந்துவிட்டால் பெரியாள், வழியில்லை. அதற்கு எனக்கு முழுநேர வேலைக்குக் கொன்ட்ராத்தோ என்ற ஒப்பந்தப் பத்திரம் வேண்டும். சூசையின் வேலைக்குப் பதிவே கிடையாது. சிஞ்ஞோராவிடம் கேட்டேன். பண்டாவோடு ஒப்பந்தம் அடுத்த வருசம் முடிகிறது, அது புதுப்பிக்கப்பட்டால் உனக்குக் கையெழுத்து வைக்கிறேன், இல்லாவிட்டால் ஆபிரிக்கப் பகுதியையே மூடவேண்டிவரும் என்றார். நியாயமான பதில். ஆனால் அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. என் பிள்ளையின் உயிர் சாம்பியாக்காரர் ஒருவரின் கையெழுத்தில் தொங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான் தோத்தோ என்றொருவர் ஆபிரிக்காவுக்குப் போனார். பக்கத்து ஊர்ப் பகேரியாவில் பேக்கரி வைத்திருந்து ஓய்வு பெற்றவர். தன் கடைச் சாமானுக்குத் தானே முதல் வாடிக்கையாளராக இருந்த உடம்பு. நடை ஒத்திகையில் எருமைக்கு அசையாமல் நின்ற ஒரே ஆள் அவர்தான், ஓட முடியாததும் ஒரு காரணம். பண்டாவின் தாயின் முற்றத்தில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்துச் சோளத் தோட்டத்துக்குள் யானைகள் இறங்கிவிட்டன. எல்லாரையும் ஊர் மண்டபத்துக்கு நகர்த்த வேண்டும். மற்றவர்கள் ஒற்றைக் காலால் நொண்டிப் போய்விட்டார்கள். தோத்தோ, சப்பாத்தைக் கையில் தராமல் எழும்பமாட்டேன், அது மரியாதையில்லை என்று இருந்துவிட்டார். அதற்குள் தாய் சப்பாத்தை எங்கே வைத்தேன் என்று தேட, பண்டா தோத்தோவை முதுகில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

2007இல் பண்டாவிடமிருந்து தகவல் வந்தது. இத்தாலியில் ஒரு சுற்றுலாக் கண்காட்சிக்கு வருகிறேன், பலேர்மோவுக்கும் வந்து ஒப்பந்தம் பற்றிப் பேசுவேன், சப்பாத்து விசயமும் நேரில் பேசவேண்டியிருக்கிறது. கடைசி வரியை நான் சிஞ்ஞோராவுக்கு வாசிக்கவில்லை.

சிஞ்ஞோரா குதூகலமாகிவிட்டார். "உன்ரை வீட்டிலை விருந்து வைப்பம். தன்ரை ஊர்ச் சடங்கை இஞ்சை கண்டா மனுசன் உருகிப்போவார்."

"வேண்டாம் சிஞ்ஞோரா, வீடு சின்னது."

"முழுச் சடங்கும் வேணும். கச்சானும்."

பண்டா மெலிந்த, சிறிய மனிதர். அத்தனை படியும் ஏறி வந்தார், ஒரு சத்தம் கேட்கவில்லை. பின்னால் சிஞ்ஞோராவின் குதிச் சப்பாத்து டக் டக்கென்று வந்தது. வாசலில் அந்தோனி அண்ணை முழு அலங்காரத்தோடு நின்றார். அண்ணை, இண்டைக்கு வேண்டாம் என்று நான் கண்ணால் கெஞ்சினேன். அவர் தலைவராகிவிட்டால் யார் கண்ணையும் பார்க்கமாட்டார். சிஞ்ஞோரா முதல் ஆளாக இடக்கால் சப்பாத்தைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினார். பண்டா அதைப் பார்த்தார், சால்வையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தன் இடக்கால் சப்பாத்தையும் கழற்றிக் கொடுத்தார்.

பாயில் இருந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். சிஞ்ஞோரா மட்டும் ஒற்றைச் சப்பாத்தோடு சுவரில் சாய்ந்து நின்று சாப்பிட்டார். பண்டா கையால் உருட்டிச் சாப்பிட்ட வடிவைப் பார்த்துச் சூசை இன்னும் இரண்டு மீன் வைத்தார்.

"இந்தச் சடங்கு எவ்வளவு பழசு எண்டு கேள்," என்றார் சிஞ்ஞோரா. "புதுப் புரோஷருக்கு வேணும்."

நான் பண்டாவிடம் ஆங்கிலத்தில், "உறைப்புக் கூடவோ எண்டு கேக்கிறா," என்றேன்.

"உறைப்பு நல்லாத்தான் இருக்கு. அம்மா, உங்கடை சிஞ்ஞோராவுக்குச் சொல்லுங்கோ. அவவின்ரை ஊர் வழக்கத்தை நான் மதிக்கிறன். ஆனா போன வருசம் அதாலை ஒரு மனுசனை யானைக்கு முன்னாலை முதுகிலை தூக்கிக்கொண்டு நடந்தனான். எனக்கு இப்பவும் நாரியும் இடுப்பும் நோகுது. இதை மாத்தாமல் நான் கையெழுத்து வைக்கேலாது."

சிஞ்ஞோரா என் முகத்தைப் பார்த்தார். "என்னவாம்?"

"பழசாம்," என்றேன். "சரியான பழசாம்."

பண்டா என்னையும் சிஞ்ஞோராவையும் மாறிமாறிப் பார்த்தார். "இத்தாலிப் பாசை இவ்வளவு கட்டையானதெண்டு எனக்குத் தெரியாது," என்றார்.

அந்த நேரம் கதவு தட்டப்பட்டது. கொன்செத்தா. சிஞ்ஞோராவின் வலக்கால் சப்பாத்து அவர் காலிலேயே இருந்தது. கொன்செத்தாவின் கையில் பண்டாவின் வலக்கால் சப்பாத்து இருந்தது. பண்டா அதையும் கழற்றி வெளியே, படியின் நடுவில் வைத்திருக்கிறார்.

"ஆளுக்கொண்டு படியிலை எண்டுதானே அண்டைக்கு ஒத்துக்கொண்டது," என்றார் கொன்செத்தா. "மற்றதைச் சடங்கு எண்டு சொல்லி வாங்கித் தொட்டிக்குள்ளை போடுறியள், சரி. ஆனா படியிலை கிடக்கிறதைச் சுவரோடை வைக்கச் சொல்லிக் குடுங்கோ. நான் விழுந்து சாகவோ?"

சிஞ்ஞோரா ஒர்னெல்லா சுவரில் இருந்து நிமிர்ந்தார். கோப்பையை மேசையில் வைத்தார். 

"சிஞ்ஞோரா ஜெசிந்தா," என்றார் மெதுவாக. "தயவுசெய்து நீங்கள் எனக்கு இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்த முடியுமா?"

இனிப் பொய்க்கு இடமில்லை. இருபத்துநாலு சப்பாத்தில் தொடங்கிப் பக்ஸ் வரைக்கும் எல்லாவற்றையும் முதலில் இத்தாலியிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னேன். சொல்லி முடியும்போது நிரோஷாவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. கொன்ட்ராத்தோ போய்விட்டது, பிள்ளை அங்கேயே நின்றுவிடப் போகிறாள் என்று நினைத்தேன். அழுதுவிட்டேன். யார் கண்டுபிடித்தது என்று சிஞ்ஞோரா கேட்டார்.  அந்தோனி அண்ணை சால்வையை இழுத்துவிட்டு, "தலைவர் நான்," என்றார்.

முதலில் சிரித்தவர் பண்டா. சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க, வெகுநேரம் சிரித்தார். பிறகு சொன்னார்:

"எங்கடை ஊருக்கு எத்தினையோ நாட்டு ஆக்கள் வருகினம். படம் எடுப்பினம், ஒரு வாய் தின்னுவினம், போயிடுவினம். பலேர்மோ ஆக்கள் மட்டும்தான் கடைசிமட்டும் இருக்கிறவை. சப்பாத்து அம்மாவிட்டை எல்லோ. இருக்கிற நேரத்துக்கு அம்மாவோடை கதைக்கப் பழகியிட்டினம். பாசை தெரியாது, கையாலை கதைப்பினம். அம்மாவுக்கு அது நல்லாப் பிடிச்சுப்போச்சு. நிப்பாட்டச் சொன்னன், மாட்டன் எண்டுட்டா. மற்ற நாட்டு ஆக்களிட்டையும் இப்ப சப்பாத்துக் கேக்கிறா. அதாலைதான் நான் இவ்வளவு தூரம் வந்தனான். நிப்பாட்ட வேண்டாம். சப்பாத்துக்குப் பதிலா தொப்பியைக் குடுக்கச் சொல்லுங்கோ. தொப்பி இல்லாமல் யானைக்கு முன்னாலை நடக்கலாம்."

இந்தமுறை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

சிஞ்ஞோரா சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் எல்லாரும் அவர் கையையே பார்த்துக்கொண்டு இருந்தோம். கை மெல்ல மேலே போனது. கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் ஒரு பக்கம் துடைத்தார். மற்றப் பக்கமும் துடைத்தார்.

"தொப்பி," என்றார். "எழுது. நாளைக்கு நேரத்தோடை வா. உன்ரை கொன்ட்ராத்தோவையும் எழுதி முடிப்பம்." நீ என்றுதான் சொன்னார். அதைவிட இனிமையான சொல் ஒன்றை நான் இத்தாலியில் கேட்டதில்லை.

போகுமுன் பண்டா எருமையைப் பார்க்க விரும்பினார். சூசை கதவுத் திரைக்குப் பின்னால் நின்று செய்து காட்டினார். பண்டா கைகட்டி நின்று கவனமாகப் பார்த்தார். எல்லாம் சரி, ஆனால் எருமை இருமாது என்றார். அந்தோனி அண்ணை தொட்டிக்குள் இருந்து சப்பாத்தை எடுத்து, கச்சான் போட்டு, நெற்றிக்கு நேரே தூக்கிக் கொடுத்தார்.

நிரோஷா வந்தது 2008இல். அதற்கிடையில் பட்ட பாட்டை எழுத இந்தக் கட்டுரை காணாது, எழுத எனக்கு மனமும் இல்லை. விமான நிலையத்துக்கு சிஞ்ஞோராவே தன் காரைக் கொண்டுவந்தார். ஆறு வருசத்துக்கு முன் நெஞ்சுயரத்தில் விட்டுவந்த பிள்ளை என்னைவிட உயரமாக வந்து நின்றது. கட்டிப்பிடிக்கக் கூச்சப்பட்டு நின்றோம், இரண்டு பேரும். வழியில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஊருக்குத் திரும்பிப் போகேலாதோ அம்மா என்று ஒருமுறை கேட்டாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் அவள் வழக்கப்படி இரண்டு செருப்பையும் கழற்றினாள். மன்னாரில் வாங்கிய நீலப் பாட்டாச் செருப்பு. இருக்கவும் குனியவும் தெரியாத சிஞ்ஞோரா ஒர்னெல்லா குனிந்து, இடக்கால் செருப்பை எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"வழக்கம்," என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"எந்த ஊர் வழக்கம் அம்மா?" என்று கேட்டாள் நிரோஷா. அதற்குப் பிறகுதான் அவளைக் கட்டிப்பிடித்தேன்.

அடுத்த வருசம் முழங்கால் போய், நான் வேலையை விட்டேன். நிரோஷா இப்போது பகேரியாவில், கணவனோடும் பிள்ளைகளோடும் இருக்கிறாள். ஷாலினிக்கு நான் சொல்லக்கூடிய பதில், பலேர்மோ வழக்கம் என்று போடு, மிச்சத்தைப் போடாதே.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி நிரோஷா வருவாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "அம்மா, என்ரை செருப்பு எங்கை?" என்று பகிடியாகக் கேட்பாள். அந்த நீல இடக்கால் செருப்பு அலுமாரியின் மேல்தட்டில்தான் இருக்கிறது.

"நீ இன்னும் சாப்பிட்டு முடியேல்லை," என்பேன்.